டாக்டர் மேஜைக்கு வரும் கம்ப்யூட்டர் யாருடைய கணக்கை எழுதும்?

பதினான்கு இலக்கம் கொண்ட ஓர் எண். அதை வாங்கிக்கொண்டால் போதும், இந்தியாவின் எந்த மூலையில் உள்ள டாக்டரும் உங்கள் நோயின் சரித்திரத்தை ஒரு நொடியில் படித்துவிடலாம் என்று டில்லி சர்க்கார் பறைசாற்றுகிறது. 2020 ஆகஸ்ட் 15-ம் தேதி பிரதமர் மோடி செங்கோட்டையிலிருந்து இதை அறிவித்தார். புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் ஒத்திகை நடந்தது. 2021 செப்டம்பர் 27-ல் 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்' என்ற பெயரில் தேசம் பூராவுக்கும் வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளோடு இது நிற்கவில்லை. வேலூரிலும் ஆம்பூரிலும் மருந்துக் கடையை ஒட்டிய சிறு அறையில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கும் குடும்ப டாக்டரையும் பார்த்து, பதிவேட்டில் உன் பெயரைச் சேர், சீட்டைக் காகிதத்தில் எழுதாதே, திரையில் எழுது என்று யோசனை சொல்கிறார்கள்.

நாம் பதிவேட்டுக்கு விரோதிகள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்திரத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் என்று நம்மைக் கேலி செய்யக் காத்திருக்கும் கனவான்கள் கொஞ்சம் பொறுக்கட்டும்.

வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை, பாலாற்றங்கரை நெடுகிலும் உள்ள தொழிலாளி குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வீடு ஒரு பிளாஸ்டிக் பை ஆணியில் தொங்கும். அதில் பத்து வருஷத்துச் சீட்டுகள், மங்கிப்போன ரத்தப் பரிசோதனைக் காகிதங்கள், மடித்து மடித்துக் கிழிந்த எக்ஸ்ரே உறை. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்றவன் பிறகு டிரம் வேலைக்குப் போகிறான்; அங்கிருந்து வேறு ஷாப்; அப்புறம் ஷூ கம்பெனி. வேலை மாறும்போதெல்லாம் டாக்டரும் மாறுகிறார். மழை வெள்ளத்தில் பை நனைந்தால் அவன் உடம்பின் சரித்திரமே கரைந்துபோகும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் ஒரு முறை நம்பர் வாங்கியவன் பல வருஷம் கழித்துப் போனாலும் பழைய குறிப்பு எடுத்துப் பார்க்கப்படுகிறது. அந்த வசதி தெருமுனை டாக்டரிடமும் கிடைத்தால் யாருக்கு வேண்டாம்?

இன்னும் ஒரு காரணம் உண்டு. தோல் தூசு மூக்கில் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஐயமின்றி வகைப்படுத்தியிருக்கிறது. அந்த நோய் வேலையில் சேர்ந்த மறுநாள் வருவதில்லை. இருபது வருஷமோ அதற்கு மேலோ கழித்து, தொழிலாளி ஷாப்பை விட்டு விலகிய பிறகு வரலாம். அப்பொழுது எந்த முதலாளியைப் பிடித்து எந்த நஷ்டஈடு கேட்பது? எந்தெந்த ஷாப்பில், எந்த வேலையில், எத்தனை வருஷம் இருந்தான் என்று எழுதிவைத்த கணக்கு ஒன்றே அவனுக்குச் சாட்சி. ஆகவே நீண்டகாலப் பதிவேடு நமக்கு ஓர் ஆயுதம். அதனால்தான் அது யார் கையில் இருக்கும், அதில் என்ன எழுதப்படும் என்று கேட்கிறோம்.

என்ன எழுதப்படும்?

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 89-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. சில நோய்களைப் பட்டியல் போட்டு, அவற்றில் ஒன்று தொழிலாளிக்கு வந்தால் நிர்வாகி அறிவிக்க வேண்டும், வைத்தியம் பார்க்கும் டாக்டரும் தாமதமின்றித் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று அது கட்டளையிட்டது. பட்டியலில் குரோமியப் புண் இருந்தது. ஆந்த்ராக்ஸ் இருந்தது. ரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சி இருந்தது. இந்த வட்டாரத்துக்காகவே தயாரித்த பட்டியலோ என்று சொல்லத்தக்க பட்டியல்! 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்து பழைய சட்டம் போய்விட்டது; ஆனால் நோயை அறிவிக்கும் கடமை புதிய தொகுப்பிலும் இருக்கிறது.

காகிதத்தில் இருப்பது வேறு, நடப்பது வேறு. தொழிலாளி மாலையில் டாக்டரிடம் கையை நீட்டுகிறான். விரல் இடுக்கில் குரோம் தின்ற குழி. டாக்டர் களிம்பு எழுதுகிறார். சீட்டில் 'தோல் அழற்சி' என்று ஒரு வரி. எந்த ஷாப் என்று அவர் கேட்பதில்லை. கேட்டாலும் இவன் சொல்லத் தயங்குவான். காண்டிராக்ட் ஆள், பெயர் வெளியே போனால் நாளைக்கு வேலை இல்லை. டாக்டருக்கும் சங்கடம்: அதே ஊர், அதே தெரு, ஷாப்காரரும் அவரிடம் வைத்தியத்துக்கு வருகிறவர். நாம் டாக்டரைக் குறை சொல்லவில்லை. சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய சர்க்கார் அவருக்கு ஒரு துணையும் அளிக்காமல், தனியாக அவரை முதலாளியின் எதிரே நிறுத்தியிருந்தது.

இந்த மௌனத்தை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் என்ன கிடைக்கும்? களிம்பின் பெயர் கிடைக்கும், மாத்திரை கிடைக்கும், நோயாளியின் செல்போன் நம்பர் கிடைக்கும். புண்ணின் காரணம் கிடைக்காது. நோயாளி எண்ணோடு ஆதார் பொருந்துகிறதா என்று அத்தனை அக்கறை காட்டுகிறவர்கள், அவன் எந்தத் தொட்டியருகே நிற்கிறான் என்பதில் அதில் பாதி அக்கறை காட்டினால் என்ன?

புதிய சட்டத் தொகுப்பின் இன்னொரு கைங்கரியத்தையும் கவனியுங்கள். மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்று இருந்தது. இப்பொழுது இருபது பேர் வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது என்பது நாற்பதாகிவிட்டது. சின்னச் சின்ன ஷாப்புகளின் கதி என்ன? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைத் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஆம்பூர்ப் பெண்கள் பழைய கணக்கிலும் இல்லை, புதிய கணக்கிலும் இல்லை. அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. கண் எரிச்சல், முதுகு வலி என்று போனால் சீட்டில் 'குடும்பத் தலைவி' என்று எழுதப்படுகிறது. எவ்வளவு நவீனமான எந்திரமானாலும் குடும்பத் தலைவி என்று போட்ட பிறகு, ஏற்றுமதி ஷூவுக்கும் அவள் முதுகுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டுபிடிக்காது.

இனி டாக்டரின் பாட்டைப் பார்ப்போம். மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் பெஞ்சு நிறைய ஆட்கள். ஷாப்பு விட்டு வந்தவர்கள், பீடி சுற்றும் பெண்கள், காய்ச்சல் குழந்தை. நாடி பிடிப்பாரா, தட்டச்சு செய்வாரா? 2016-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, டாக்டர் நோயாளியோடு ஒரு மணி நேரம் செலவிட்டால் கம்ப்யூட்டர் பதிவுக்கும் மேஜை வேலைக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போகிறது என்று கண்டது. உதவியாளர்களும் வசதிகளும் உள்ள அமெரிக்காவிலேயே இந்தக் கதி! 2023 ஜனவரி முதல் டில்லி சர்க்கார் ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்று நடத்தியது. யாருக்கு? பத்துப் படுக்கையும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனைகளுக்கு, சோதனைக் கூடங்களுக்கு, மென்பொருள் கம்பெனிகளுக்கு. 4 கோடி ரூபாய் வரை பெறலாம் என்றார்கள். ஒற்றை அறை டாக்டருக்குக் கிடைத்தது உபதேசம்.

சர்க்கார் தரப்பிலோ இந்தப் பாரம் பெண்களின் தலையில் இறங்கியிருக்கிறது. கர்ப்பிணிகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைச் சுமையை எதிர்த்து தமிழ்நாட்டின் கிராம சுகாதார செவிலியர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். பிரசவம் பார்க்கப் படித்தவர்களை இரவில் நெட் கிடைக்கும் இடம் தேடி அலைய வைத்தால் போராடாமல் என்ன செய்வார்கள்? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம்; வீட்டு வாசலுக்கே ரத்த அழுத்த மாத்திரை வருவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் வீடு வீடாக நடந்து செல்போனில் கணக்கு ஏற்றும் தன்னார்வலர் பெண்ணுக்குச் சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்று சொல்வது ஏன்?

ரகசியம் காக்கப்படும் என்று சத்தியம் செய்கிறார்கள். 2022 நவம்பர் 23-ல் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் கொள்ளைக்காரர்கள் முடக்கினார்கள். தேசத்தின் முதல் ஆஸ்பத்திரியில் நாட்கணக்கில் பேனாவும் காகிதமும்தான் கைகொடுத்தன. 2023 ஜூனில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் விவரங்கள் டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன என்று பத்திரிகைகள் எழுதின. அந்தத் தடுப்பூசிக் காலத்திலேயே, ஆதாரைக் காட்டி ஊசி போட்டுக்கொண்ட பலருக்குக் கேளாமலே சுகாதார எண் போடப்பட்டது என்பதும் வெளிவந்தது. விருப்பமிருந்தால் சேரலாம் என்பது இவர்கள் அகராதியில் இப்படித்தான் இருக்கிறது.

திருடனைக்கூட விட்டுவிடுவோம். சட்டப்படி உள்ளே வருகிறவனைப் பாருங்கள். 2023-ம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் அமலுக்கு வர 18 மாதக் கெடு. அந்தச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலை சம்பந்தமான காரியத்துக்காகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதற்காகவும், ஆளின் சம்மதம் இல்லாமலே அவன் விவரத்தைக் கையாளலாம் என்கிறது. நோய் விவரத்துக்கென்று தனிக் காவல் ஏதும் அதில் இல்லை. தவறு செய்த கம்பெனிக்கு 250 கோடி வரை அபராதம் என்று முழங்குகிறார்கள். அந்தப் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும், பாதிக்கப்பட்டவனுக்கு அல்ல. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நஷ்டஈடு கேட்க இருந்த 43-ஏ பிரிவையும் எடுத்துவிட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 40 வயது தாண்டிய தொழிலாளிக்கு முதலாளி செலவில் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை என்று விளம்பரம் வேறு! பரிசோதனையின் முடிவு யார் கம்ப்யூட்டரில் முதலில் விழும்? நுரையீரல் கெட்டவன் என்று தெரிந்த மறு மாதம் 'ஆர்டர் இல்லை, நின்றுகொள்' என்று சொல்லமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இங்கிலாந்தில் குடும்ப டாக்டர்களின் பதிவேடுகளை மொத்தமாக ஒரே இடத்தில் குவிக்க 2013-ல் ஒரு திட்டம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி 2016-ல் கைவிட்டார்கள். 2021-ல் மீண்டும் முயன்றபோது பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எங்கள் குறிப்பைத் தரமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர்களும் கூடக் குரல் கொடுக்க, திட்டம் ஒத்திப்போடப்பட்டது. கியூபாவில் வேறு வழி பார்த்தார்கள். 1984 முதல் பேட்டைக்கு ஒரு டாக்டரும் ஒரு செவிலியரும் மக்கள் நடுவே குடியிருந்து, வீடு, தண்ணீர், வேலை எல்லாவற்றையும் குடும்பக் கோப்பில் காகிதத்திலேயே எழுதினார்கள். டாக்டர் முதலில், கோப்பு பிறகு.

இங்கே பாலாற்றில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தோல் ஷாப்புகளின் கழிவைப் பற்றித் தீர்ப்பளித்தது. அதன் வழியே அமைந்த அதாரிட்டி 2001-ல் 29 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நஷ்டஈடு நிர்ணயித்தது. கெட்டுப்போன நிலத்துக்குச் சர்வே எண் இருந்தது, ஏக்கர் இருந்தது, கணக்குப் போட முடிந்தது. ஷாப்புக்குள்ளே கெட்டுப்போன உடம்புக்குக் கணக்கு இல்லை. 2015 ஜனவரிக் கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்தபோது ஊர் திரும்பிப் பார்த்தது. மெதுவாகச் சாகிறவனை எந்தப் பதிவேடு பார்க்கிறது?

ஆகவே நாம் கேட்பது இது. பதிவேட்டின் முதல் கட்டத்தில் தொழில், ஷாப், வேலை செய்த வருஷம் ஆகியவை இருக்கட்டும். வீட்டில் தைக்கும் பெண்ணைத் தொழிலாளி என்றே எழுதட்டும். டாக்டர் குரோமியப் புண் என்று பதிந்தால் அந்த அறிக்கை டாக்டர் பெயரைக் காட்டிக்கொடுக்காமல் தானே ஆய்வாளருக்குப் போகட்டும். முதலாளிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் நோயாளியின் எழுத்து மூலமான சம்மதமின்றி ஒரு வரியும் போகக்கூடாது. எண் இல்லாதவனுக்கும் வைத்தியம் உண்டு என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் தமிழில் எழுதிப் போடட்டும். சிறு டாக்டர் அறையில் பதிவு செய்ய ஓர் ஆளுக்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கட்டும், ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களில் காலியிடங்களை முதலில் நிரப்பட்டும்.

2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் பாலாற்று வழக்கில் மறுபடியும் தீர்ப்பளித்து, கண்காணிக்க ஒரு கமிட்டி அமைக்கச் சொன்னது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று ஜில்லா தோல் தொழிலாளர் சங்கங்களும், நல்லெண்ணமுள்ள டாக்டர்களும் சேர்ந்து இந்தக் கோரிக்கைகளைக் கலெக்டர்களிடமும் அந்தக் கமிட்டியின் முன்பும் கொண்டுபோக வேண்டும். ஆணியில் தொங்கும் பைகளையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.