நீர்வரத்து குறைந்தாலும் நீர்மட்டம் ஏறும்

புனே நகரில் மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாள்களிலும் முட்டா ஆற்றில் வெள்ளம் பெருகி வருவதுண்டு. நகருக்குத் தென்மேற்கே உள்ள கடக்வாஸ்லா அணை நிரம்புகிறது, மதகுகள் திறக்கப்படுகின்றன, ஆற்றோடு தாழ்ந்து கிடக்கும் பாபா பிடே பாலம் நீரில் மறைகிறது. மழைதான் குறைந்துவிட்டதே, பிறகு ஏன் நீர் ஏறுகிறது என்று கரையில் நிற்போர் வியக்கின்றனர். இந்த வியப்புக்கான விடை, மேல்நிலை வகுப்பில் கணிதம் பயின்ற ஒவ்வொரு மாணவரின் பாடநூலிலும் உள்ளது. வகைக்கெழு மிகையாக உள்ளவரை சார்பு ஏறும் என்பதே அது. ஆனால் அந்த விடையை ஆற்றங்கரையில் நினைவுகூரத்தக்க வகையில் நம் வகுப்பறைகள் அதைக் கற்பிப்பதில்லை.

அணையின் கணக்கு எளியது. நீர் இருப்பு ஒரு சார்பு. நீர்வரத்திலிருந்து நீர்த் திறப்பைக் கழித்தால் கிடைப்பது அதன் வகைக்கெழு. மேட்டூர் அணைச் செய்தியை நாளிதழில் படித்து வளர்ந்த தமிழ் மாணவருக்கு இம்மூன்று சொற்களும் புதியவை அல்ல. எடுத்துக்காட்டாக, வினாடிக்கு 30,000 கன அடி நீர் வருகிறது, 10,000 கன அடி திறக்கப்படுகிறது எனக் கொள்வோம். இருப்பு வினாடிக்கு 20,000 கன அடி வீதம் உயரும். சில மணி நேரத்தில் வரத்து 15,000 ஆகக் குறைகிறது. வரத்து பாதியாகிவிட்டது, ஆயினும் இருப்பு குறையவில்லை, வினாடிக்கு 5,000 கன அடி வீதம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வரத்து 10,000 ஆகும் கணத்தில் வகைக்கெழு சுழியாகிறது. அதற்கும் கீழே வரத்து சென்ற பின்னரே இருப்பு இறங்கத் தொடங்கும். ஆகவே இருப்பின் பெருமம் நீர்வரத்தின் பெருமத்தோடு சேர்ந்து வருவதில்லை. அதற்குப் பிந்தியே வருகிறது.

கடக்வாஸ்லாவில் இது ஏட்டுக் கணக்காக நின்றுவிடுவதில்லை. பான்ஷேத், வரஸ்காவ், டெம்கர் ஆகிய மூன்று அணைகளும் அதற்கு மேலே உள்ளன. நான்கின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 29 டிஎம்சி. அதில் கடக்வாஸ்லாவின் பங்கு 2 டிஎம்சிக்கும் சற்றுக் குறைவு. மேலே சொன்ன 20,000 கன அடி வீதம் நீடித்தால், வெறுமையாக இருக்கும் அவ்வணை 28 மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். இத்தகைய சிறிய அணையில் இன்றைய இருப்பு எவ்வளவு என்பதைவிட, இருப்பு எத்திசையில் எவ்வேகத்தில் மாறுகிறது என்பதே முதன்மையான செய்தி. அத்திசையைத் தீர்மானிப்பதும் நகரின் மேலுள்ள வானம் அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்து, ஓடைகளில் இறங்கி, காலந்தாழ்த்தி வந்து சேரும் நீர். 1961 ஜூலை 12 அன்று, கட்டுமானம் முழுமை பெறாதிருந்த பான்ஷேத் அணை உடைந்து, அந்நீர் கடக்வாஸ்லாவையும் தகர்த்து நகரின் ஆற்றங்கரைப் பகுதிகளை மூழ்கடித்ததைப் புனே இன்றும் மறக்கவில்லை.

இனி வகுப்பறைக்கு வருவோம். அங்கு நிகழ்வது பெரும்பாலும் ஒரு சடங்கு. சார்பை வகையிடு, சுழிக்குச் சமப்படுத்து, மூலங்களைக் கண்டுபிடி, அட்டவணையில் கூட்டல் கழித்தல் குறிகளை இடு, விடையை எழுது. இச்சடங்கில் தேர்ந்த மாணவர் சமன்பாடே இல்லாத வரைபடம் ஒன்றின்முன் திகைத்து நிற்கிறார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மேலாண்மைப் பள்ளி மாணவரிடம் லிண்டா பூத் ஸ்வீனியும் ஜான் ஸ்டெர்மனும் நடத்தி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. குளியல் தொட்டிக்குள் வரும் நீரும் வெளியேறும் நீரும் வரைபடமாகத் தரப்பட்டன. தொட்டியின் நீரளவை வரையச் சொன்னார்கள். கணிதமும் அறிவியலும் நன்கு பயின்றோரிலும் பலர் தவறினர். அளவையும் அளவு மாறும் வீதத்தையும் அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. பணவீக்கம் குறைந்தது என்ற செய்தியைக் கேட்டு விலைவாசி இறங்கியதாக எண்ணுவதும் இதே பிழைதான். விலை இன்னும் ஏறுகிறது. ஏறும் வேகம் மட்டுமே தணிந்திருக்கிறது.

சடங்கு இன்னொரு தீங்கையும் செய்கிறது. புள்ளியைக் கவனிக்கச் சொல்லி, இடைவெளியை மறக்கச் செய்கிறது. வகைக்கெழு சுழியானால் அங்கே பெருமமோ சிறுமமோ இருந்தே தீரும் என்று மாணவர் நம்பிவிடுகிறார். ஓர் எண்ணுக்கு அதன் மும்மடியைத் தரும் சார்பின் வகைக்கெழு சுழியில் சுழியாகிறது. ஆயினும் அச்சார்பு எங்கும் இறங்குவதே இல்லை. மாறாக, ஓர் எண்ணுக்கு அதன் தலைகீழியைத் தரும் சார்பின் வகைக்கெழு, அது வரையறுக்கப்பட்ட இடமெங்கும் குறையெண்தான். ஆனால் கழித்தல் ஒன்றில் அதன் மதிப்பு கழித்தல் ஒன்று. கூட்டல் ஒன்றில் கூட்டல் ஒன்று. இறங்க வேண்டிய சார்பு உயர்ந்து நிற்கிறது. இடையில் சுழியருகே அதன் களம் அறுபட்டிருப்பதே காரணம். குறி பேசுவது அறுபடாத இடைவெளியைப் பற்றி மட்டுமே.

ஏன் அப்படி என்பதற்கு இடைமதிப்புத் தேற்றம் விடை தருகிறது. காலை ஆறு மணி இருப்பைவிட நண்பகல் இருப்பு குறைவு என்றால், அந்த ஆறு மணி நேரத்தின் சராசரி வீதம் குறையெண். எனவே இடையில் ஏதோ ஒரு கணத்திலாவது வகைக்கெழுவும் அதே குறையெண்ணாக இருந்திருக்க வேண்டும். அத்தகைய கணமே இல்லை என்றால் இருப்பு குறைந்திருக்க வாய்ப்பில்லை. தேற்றத்தின் உயிர் இவ்வளவே. பாடநூலில் இத்தேற்றம் ஓரிடத்திலும், ஏறும் இறங்கும் சார்புகள் வேறோரிடத்திலும், உறவறியாத அயலார்போல் கிடக்கின்றன.

தேர்வு நெருங்குகிறது, நேரம் இல்லை, அட்டவணைதான் மதிப்பெண் தரும் என்று ஆசிரியர்கள் கூறுவதில் நியாயம் உண்டு. அட்டவணையைக் கைவிட வேண்டியதில்லை. ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரே ஒரு புள்ளியில் குறியைச் சோதித்தால் போதும் என்பது ஏன் என்ற கேள்வியை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஓர் இடைவெளியில் வகைக்கெழு சுழியைத் தொடாமல் குறி மாற முடியாது என்பதை அப்போது மாணவரே கண்டடைவார். தேர்வுத்தாளில் சமன்பாடு இல்லாத ஒரு வினாவும் இடம்பெறட்டும்: ஓர் அணையின் நீர்வரத்தும் நீர்த் திறப்பும் இரு வளைவுகளாகத் தரப்பட்டுள்ளன, இருப்பு எப்போது உச்சம் தொடும்? நீர்வரத்தின் உச்சியைச் சுட்டுபவர் சடங்கை மட்டுமே கற்றவர். இரு வளைவுகளும் வெட்டிக்கொண்டு, வரத்து திறப்புக்குக் கீழே இறங்கும் இடத்தைச் சுட்டுபவர் நுண்கணிதம் கற்றவர்.

வகைக்கெழு சுழியாகும் இடத்தைத் தமிழ்ப் பாடநூல் தேக்கநிலைப் புள்ளி என்கிறது. அச்சொல்லுக்குள் ஓர் அணையே இருக்கிறது. ஆற்றங்கரையில் வாழ்வோருக்கோ, அப்புள்ளி வந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா என்பது உடைமைகளை மேல்தளத்துக்கு ஏற்றுவதா, கீழே இறக்குவதா என்ற கேள்வி. அதற்கு விடை காணும் பயிற்சியைத் தராத பாடம், எத்தனை மதிப்பெண் தந்தாலும் பாதிப் பாடமே.