மெழுகுவர்த்தி அளக்காத ஆக்சிஜன்

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்டிவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்கிறார்கள். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. தீர்ந்துபோன ஆக்சிஜனின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டதாக விளக்கம் சொல்லப்படுகிறது. காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு என்பது சரி. இந்தச் சோதனை அதை அளக்கிறது என்பது தவறு.

முதலாவது, சுடர் ஆக்சிஜனைத் தீர்ப்பதே இல்லை. அதன் அளவு ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். இருந்ததில் முக்கால் பங்கு தம்ளருக்குள்ளேயே மிஞ்சும்.

இரண்டாவது, செலவான ஆக்சிஜன் வெற்றிடத்தை விட்டுச் செல்வதில்லை. மெழுகு எரிந்தால் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. நீராவி குளிர்ந்து கண்ணாடியில் படியும். கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவே நிற்கும். அதன் கனஅளவு செலவான ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தச் சிறிது நேரத்தில் தண்ணீரில் கரைவது சொற்பமே. ஆக, எரிதலால் குறையும் கனஅளவு நூற்றுக்கு இரண்டு அளவில்தான் வரும்.

மூன்றாவது, தண்ணீர் ஏறும் நேரம். விளக்கம் சரியென்றால் சுடர் எரிய எரியத் தண்ணீர் சீராக ஏற வேண்டும். நடப்பது வேறு: பெரும்பகுதி சுடர் அணைந்த பிறகே விறுவிறுவென ஏறுகிறது. மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் இன்னும் உயர ஏறுகிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு மெழுகுவர்த்தியின் எண்ணிக்கையைப் பார்த்துக் கூடுமா?

உண்மைக் காரணம் சூடு. கவிழ்க்கும்போதே தம்ளருக்குள் சூடேறி விரிந்த காற்று சிக்குகிறது. ஒரு பகுதி விளிம்பு வழியே குமிழியாக வெளியேறுவதும் உண்டு. சுடர் அணைந்ததும் உள்காற்று ஆறி, அதன் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. 100 டிகிரி செல்சியஸ் காற்று 30 டிகிரிக்கு ஆறினால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். சில வேளை விடை ஆக்சிஜன் கணக்கோடு ஒத்துப்போவது தற்செயல். பழைய விளக்கம் பிழைத்திருப்பது அந்தத் தற்செயலால்தான்.

சிறுவர்களுக்கு இவ்வளவு போதும் என்ற சமாதானமும் நிற்காது. தெரிந்த விடைக்கேற்பக் கண்ணால் கண்டதை வளைக்கவே அது பழக்குகிறது. வானிலையின் அடிப்படைப் பாடமும் கைநழுவுகிறது. சூடான காற்று விரியும், ஆறினால் சுருங்கும், அழுத்த வேறுபாடு பொருளை நகர்த்தும்: தட்டில் தெரிவது இதுதான். கோடைப் பிற்பகலில் சென்னைக்குக் கடற்காற்று வருவதும், தரை கடலைவிடச் சூடேறி அங்கே அழுத்தம் குறைவதால்தான்.

ஆக்சிஜனின் பங்கைக் காட்டத் துரு போதும். வினிகரில் நனைத்துப் பிழிந்த இரும்பு நாரை உயரமான கண்ணாடிக் குழாயின் அடியில் செருகி, தண்ணீரில் கவிழ்த்து, ஓரிரு நாள் விட வேண்டும். பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத நார் உதவாது. இரும்பு ஆக்சிஜனைத் துருவாகப் பிடித்துக்கொள்ளும். ஈடாக வேறு வாயு வெளிவராது. காற்றின் சூட்டிலும் பெரிய மாற்றமில்லை. தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி, அதற்குமேல் ஏறாமல் நிற்கும்.