கழுவிட்டு வாம்மா

பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், ஆளுக்கொரு வைத்தியத்தோடு வந்துவிடுகிறார்கள். வேப்பெண்ணெய் தடவு என்பார் ஒருவர். கற்றாழை அதைவிடக் கசக்கும் என்பார் அடுத்தவர். கரியைப் பூசிப் பூச்சாண்டி காட்டச் சொன்னவர்களும் உண்டு. "பேசாம உங்கம்மா வீட்ல ஒரு வாரம் விட்டுட்டு வந்துடு, தானா மறந்துடும்" என்பது அனுபவஸ்தர்கள் வாக்கு.

என் மகனுக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. நன்றாகப் பேசுகிறான். இந்த வைத்தியங்களெல்லாம் படுத்துக்கொள்வது அங்கேதான். அத்தை கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்த வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு படுத்தேன். வாய் வைத்தான், முகம் கோணிற்று, துப்பினான். அழவில்லை. கட்டிலைவிட்டு இறங்கிப் போய்த் தன் மூக்குத் துடைக்கிற துண்டை எடுத்து வந்து நீட்டி, "பாச்சி கசக்குது. கழுவிட்டு வாம்மா" என்றான். கதவோரம் நின்ற அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு "பாச்சிக்குப் புண்ணுடா" என்று பார்த்தேன். குனிந்து ஊதிவிட்டான். அப்புறம் நாள் முழுக்க, "ஆறிடுச்சா?"

கசப்பு, புண் என்கிற வைத்தியங்களில் எனக்கு மனசு ஒப்பவில்லை. கிடையாது என்று நேராகச் சொன்னால் அழுவான்; அழட்டும், அது கோபம். கோபப்பட அவனுக்கு உரிமை உண்டு. அம்மாவுக்குப் புண் என்று சொல்லிக் கவலைப்பட வைப்பது வேறு சமாச்சாரம். ஆறியிருக்குமா என்று ஒரு குழந்தை எட்டி எட்டிப் பார்ப்பதைப் பார்க்கச் சகிக்காது.

"இன்னுமா குடிக்கிறான்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரண்டாவது வயதில்கூடக் குழந்தைக்கு வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்கைத் தாய்ப்பால் தரும். ஆகவே அது 'வெறும் தண்ணி' ஆகிவிடவில்லை. நம் மகப்பேறு சட்டமோ வேலைக்குப் போகிறவளுக்கு 26 வார விடுப்பும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளையும் தருகிறது. மிச்ச மாதங்களை அவரவர் ராத்திரியில்தான் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும். நான் நிறுத்த நினைத்ததும் அந்த ராத்திரிகளால்தான். விடிய விடியக் குடித்துவிட்டுக் காலையில் இட்லியைத் தொடமாட்டேன் என்பான்.

ஒரே நாளில் நிறுத்துவதிலும் வினை இருக்கிறது. குழந்தை குடிக்கிற அளவுக்குத்தான் பால் சுரக்கும். குடிப்பது திடீரென நின்றால் மார் கட்டிக்கொள்ளும், கல்லாக வலிக்கும், காய்ச்சல்கூட வரும். இதற்கு மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடாமல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பூவையும் பால் சுரப்பை நிறுத்தும் ப்ரோமோகிரிப்டின் மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள், 1988இல் கட்டுரையும் வந்தது. பிரசவமான பெண்களிடம் செய்த சோதனை அது. இரண்டுமே சுரப்பைக் குறைத்தன. பாலைச் சுரக்கவைக்கும் ப்ரோலாக்டின் ஹார்மோனை அதிகம் இறக்கியது மாத்திரைதான். ஆனால் பூ கட்டுவதால் பிள்ளை மறக்காது. ஒவ்வொரு வேளையாகக் குறைப்பதுதான் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நல்லது. இன்னொரு எச்சரிக்கை: தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் புட்டியில் பசும்பாலாக ஊற்றினால் சோறு இறங்காது, ரத்தசோகை வரும், பிறகு புட்டியை வேறு மறக்கடிக்க வேண்டும்.

பகல் வேளைகள் சுலபமாகவே போயின. நான் சோபாவில் உட்காராமல் இருந்தாலே பாதி மறந்துவிடுவான். மல்லுக்கட்டியது தூங்குகிற வேளைதான். பாச்சி இல்லாமல் தூங்குவது எப்படி என்று அவனுக்குத் தெரியாது. நான் பக்கத்தில் படுத்திருக்கும்வரை அதைக் கற்றுக்கொள்ளவும் மாட்டான். ஆக, வைத்தியம் சொன்ன இத்தனை பேரில் ஒருவரும் சொல்லாததைச் செய்தோம். நான் அத்தையோடு ஹாலில் படுத்தேன், அவன் அப்பாவோடு உள்ளே.

முதல் நாள் வீடு அதிர அழுதான். "நீ உள்ள போகாத, அவன் பாத்துப்பான்" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வேப்பெண்ணெய் கொடுத்த அதே கைதான். உள்ளே இவர் ஒரு ஜேசிபி கதை ஆரம்பித்தார். ஜேசிபி மண்ணை அள்ளியது, லாரியில் கொட்டியது, மறுபடி அள்ளியது. கதையில் வேறொன்றும் நடக்கவில்லை. அழுகை விசும்பலாகி, நடுவில் ஒரு குரல்: "லாரி எங்கப்பா போச்சு?"

சில நாள் போராட்டம் இருந்தது, அப்புறம் கேட்பது குறைந்துபோனது. இப்போதும் கையை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு உட்காருவான், இருந்துவிட்டுப் போகட்டும். இட்லி இரண்டு இறங்குகிறது. ஆனால் ஜேசிபி வந்து மண் அள்ளாமல் கண் மூடமாட்டேன் என்கிறான். அதை மறக்கடிப்பது அவர் பாடு.