சாக்கியர் பங்கு

மாண்புமிகு மத்திய கலாசாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



2025 மே மாதம் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வரவிருந்த பிப்ரஹ்வா மணிகளை உங்கள் அமைச்சகம் நோட்டீஸ் அனுப்பி நிறுத்தியது. ஜூலையில் கோத்ரெஜ் குழுமத்தின் துணையோடு அவை நாடு திரும்பின. புத்தரின் எலும்புகளோடு ஒரே பேழையில் கிடந்தவற்றை விலைபேசக் கூடாது என்று ஓர் அரசு உரக்கச் சொன்னது எங்களுக்குப் பெரிய நிறைவு. அதற்கு நன்றி. ஆனால் மணிகள் வந்து சேர்ந்தது டெல்லிக்கு. அவை கிளம்பிய ஊருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உத்தரப் பிரதேசத்தின் சித்தார்த்நகர் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டி இருக்கிறது பிப்ரஹ்வா. அருகே பர்ட்பூர் என்ற சிற்றூர். சுற்றிலும் வயல்கள். கறுத்த உமியும் தனி மணமும் கொண்ட காலாநமக் நெல்லுக்குப் பேர்போன மண் அது. 2013இல் அந்த அரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த நெல்லைப் புத்தரே கொடுத்துவிட்டுப் போனார் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. வயல்களுக்கு நடுவே புல்தரையில் ஒரு செங்கல் மேடு. அதுதான் ஸ்தூபி.

1898 ஜனவரியில் பர்ட்பூர் எஸ்டேட்டைக் கவனித்துவந்த வில்லியம் பெப்பே அதைத் தோண்டியபோது, ஒரே கல்லில் குடைந்த கனத்த பேழை கிடைத்தது. உள்ளே மாக்கல் சிமிழ்களும் ஒரு பளிங்குச் சிமிழும். பளிங்குச் சிமிழின் மூடிக்குக் கைப்பிடி ஒரு மீன். அந்த மீனின் வயிற்றையும் குடைந்து பொன்தகட்டுத் துணுக்குகளை அடைத்திருக்கிறார்கள். பவளம், முத்து, படிகம், செவ்வந்திக்கல் என்று நூற்றுக்கணக்கான மணிகள். சில, விரல்நுனியில் அடங்கும் பூக்களாகச் செதுக்கியவை. பலவற்றில் நூல் கோக்கும் துளை இருக்கிறது. கழுத்தில் கிடந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்களோ என்று தோன்றுகிறது. சிமிழ் ஒன்றின் மூடியில் பிராமி எழுத்தில் ஒரு வரி. அதற்கு எப்படிப் பொருள்கொள்வது என்பதில் அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் புத்தரின் குலத்தவரான சாக்கியர், சகோதரிகள், பிள்ளைகள், மனைவியர் எல்லோரும் அந்த ஒரே வரியில் இருக்கிறார்கள். புத்தர் மறைந்தபின் அவர் எச்சங்கள் எட்டுப் பங்காயின என்றும், அதில் ஒன்றைக் கபிலவஸ்துவின் சாக்கியர்கள் கேட்டு வாங்கினார்கள் என்றும் பாலி நூல்கள் சொல்கின்றன. உறவுக்காரர்கள் தங்கள் மண்ணில் வைத்த பங்கு அது.

அந்தப் பங்குதான் சிதறிப்போனது. பெப்பே எடுத்த எலும்புகள் சயாம் மன்னருக்குப் பரிசாகி, அவர் வழியாக இலங்கைக்கும் பர்மாவுக்கும் போயின. கல்பேழை கொல்கத்தா அருங்காட்சியகத்தில். மணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பெப்பே குடும்பத்திடம் தங்கி, கடைசியில் ஏலக்கூடம்வரை போயிற்று. 1970களில் தொல்லியல் துறையின் கே.எம். ஸ்ரீவஸ்தவா அதே மேட்டில் இன்னும் ஆழமாகத் தோண்டினார். இன்னும் பழைய சிமிழ்களும் எலும்புத் துண்டுகளும் கிடைத்தன; அருகிலுள்ள விகார இடிபாடுகளில் கபிலவஸ்து என்ற பெயர் பொறித்த சுடுமண் முத்திரைகளும் வெளிவந்தன. அந்த எலும்புகளும் டெல்லிக்கே போயின.

அவற்றில் நான்கு துண்டுகள் 2022இல் மங்கோலியாவுக்கும் 2024இல் தாய்லாந்துக்கும் அரசு விருந்தாளிக்கு உரிய மரியாதையோடு பயணம் போய்வந்தன. தாய்லாந்தில் லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று வணங்கினார்கள். அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். அவ்வளவு தூரம் பத்திரமாகப் போய்வரக்கூடியவை சித்தார்த்நகர்வரை வர முடியாதா? பாதுகாப்பைக் காரணம் காட்டுவார்கள். மங்கோலியத் தலைநகர் உலன்பாட்டரில் செய்த ஏற்பாட்டைப் பிப்ரஹ்வாவில் செய்ய முடியாது என்பதை நான் ஏற்கவில்லை.

தமிழ்நாட்டுக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று உங்கள் அதிகாரிகள் நினைக்கலாம். பெப்பே அந்த மேட்டைத் திறந்த அதே 1898இல்தான் எங்கள் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்காகத் தொடங்கிய சங்கத்துக்கு அவர் வைத்தது சாக்கியர் பெயர். அந்தப் பெயரைச் சுமப்பவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். திரும்பிய மணிகளில் ஒரு பகுதியையாவது நிரந்தரமாகப் பிப்ரஹ்வாவில் வையுங்கள். மணிகளை மீட்கத் துணைநின்ற கோத்ரெஜ் குழுமத்தோடு இதற்காகப் பேச வேண்டியிருக்கும். ஏலத்தையே நிறுத்தியவர்களுக்கு அது பெரிய வேலையல்ல. புதுக் கட்டடம் எழுப்புவதா, இருப்பதைப் பலப்படுத்துவதா என்பதைப் பொறியாளர்கள் சொல்லட்டும். டெல்லியில் உள்ள எலும்புத் துண்டுகள் ஆண்டுக்கு ஒருமுறை, புத்த பூர்ணிமாவன்று, அந்த மேட்டுக்கு வரட்டும்.

கபிலவஸ்து பிப்ரஹ்வாவா, நேபாளத்தின் திலௌராகோட்டா என்ற பழைய வழக்கை இதில் இழுக்க வேண்டாம். இரண்டையும் பார்த்துவிட்டு, புத்தர் பிறந்த லும்பினிக்கும் போகத்தான் யாத்திரிகர்கள் ஆசைப்படுகிறார்கள். பக்கத்திலேயே ககரஹ்வா எல்லை இருக்கிறது. நாமும் நேபாளிகளும் அங்கே கடந்துவிடலாம். இலங்கையிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ வரும் பிக்குவுக்கு அங்கே குடியேற்றச் சாவடி இல்லாததால், அவர் சோனௌலி எல்லை வழியாகச் சுற்ற வேண்டும். அந்தச் சாவடி உள்துறையின் பொறுப்பு என்பது தெரியும். அமைச்சரவையில் அதை எடுத்துப் பேசக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

மணிகளில் எவை, எந்த ஆண்டுக்குள் பிப்ரஹ்வாவுக்குப் போகும் என்று அமைச்சகம் எழுத்தில் அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடிமகன்