மச்சப் பொன்

சுந்தரமூர்த்தி நாயனார் எங்கள் விருத்தாசலத்தில் 12,000 பொன் வாங்கினார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிறான்' என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். ஆனால் மனிதர் ஏமாளி அல்லர். ஆற்றில் போடுமுன் மாற்றுப் பார்க்க ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் வந்த பொன் மட்டமாக இருந்தபோது, மச்சம் இருந்ததால்தான் அது தெரிந்தது. விடாமல் பாடி முழு மாற்றையும் வாங்கினார்.

பட்டாளத்துக்காரனுக்கும் இப்படி ஒரு மச்சம் உண்டு. ஆளெடுக்கும்போது டாக்டர்கள் கண், காது, மார்பு, பாதம் எல்லாம் பார்த்து, 'தகுதியுள்ளவன்' என்று எழுதும் காகிதம்தான் அது. என்ன செய்ய, அது இருப்பது அவன் கையில் அல்ல, சர்க்காரின் பீரோவில்!

இங்கே பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் இரவுக் காவலுக்கு இருக்கிறார் ஒருவர். பீரங்கிப் படையில் இருந்தவர். அவரோடு பேச வேண்டுமானால் கத்த வேண்டும். வைத்திய போர்டு அவர் செவிட்டுக்கு 15 சதவிகிதம் போட்டதாம். "15-க்கு ஒன்றும் கிடையாது ஸார்" என்றார், யாருக்கோ நேர்ந்ததைச் சொல்வது போல.

உண்மைதான். ஊனம் 20 சதவிகிதத்துக்குக் குறைந்தால் ஊன பென்ஷன் இல்லை என்பது விதி. 20 ஆகிவிட்டாலோ, 2001-ஆம் வருஷத்து உத்தரவு அதை 50 என்று உயர்த்திக் கணக்கிடச் சொன்னது. ஊனத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, காலம் முடித்து வந்தவர்களுக்கும் அது உண்டு என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம், பாதிக்கு 15. அப்படியானால் 19-க்கும் 20-க்கும் நடுவே இருப்பது ஒரு சதவிகிதமா, மாதம் ஒரு மூட்டை அரிசியா? காதில் நுழைந்த வெடிச் சத்தத்தை இத்தனை துல்லியமாக நிறுக்கும் தராசு எந்தக் கடையில் விற்கிறது?

இருபதைத் தாண்டினாலும் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. வியாதி சேவையால் வந்ததா, உடல்வாகா? தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985-ல் சிக்னல் படையில் சேர்ந்தார். வலிப்பு நோய் என்று 1994-ல் 20 சதவிகித ஊனத்தோடு அனுப்பிவிட்டார்கள். சேவைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லையாம். 2013-ல்தான் உச்ச நீதிமன்றம் மச்சத்தைக் கேட்டது. சேரும்போது குறை எதுவும் எழுதிவைக்கவில்லையென்றால் குறை சேவையில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது சர்க்கார். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு. இந்தச் சாதாரண நியாயத்துக்கு 19 வருஷம்!

"சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கெல்லாம் பென்ஷனா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2023-ல் வெளிவந்த தணிக்கை அறிக்கையைக் காட்டுவார்கள். ஓய்வு பெறும் அதிகாரிகளில் நூற்றுக்கு 40 பேர் வரை ஊன பென்ஷன் பெறுகிறார்கள், மற்றவர்களில் 18 பேர் வரைதான் என்றது அது. நானும் அதையே காட்டுகிறேன். பதுங்கு குழியில் கிடப்பவனைவிட மேஜைக்குப் பின்னால் இருப்பவனுக்கா ஊனம் அதிகம்? கேட்கத் தெரிந்தவனுக்குக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பரிகாரம், கேட்கத் தெரியாதவனின் கதவையும் இழுத்துச் சாத்துவதா? அதே 2023-ல் வந்த புது விதிகள், ஊனத்தோடு சேவையைத் தொடர்ந்து ஓய்வு பெறுகிறவனுக்குக் கிடைப்பதற்கு வேறு பெயர் வைத்தன: 'குறைபாட்டு நிவாரணம்'. நிவாரணம் வெள்ளத்துக்கும் புயலுக்கும் கொடுப்பது, ஐயா! கடனைத் திருப்பித் தருவதற்குத் தமிழில் அந்தச் சொல் இல்லை.

சிப்பாய் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மச்சத்தைக் கேளுங்கள். சேர்ந்த நாளின் வைத்தியக் காகிதத்துக்கும் போர்டின் முடிவுக்கும் நகல் கேட்டு எழுதுங்கள். சர்க்கார் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம்: நீதிமன்றம் தீர்த்த விஷயத்தில் மேல்முறையீட்டை நிறுத்துவது. ராணுவத் தீர்ப்பாயம் 2009-லிருந்து இருக்கிறது. சென்னையிலும் ஒரு கிளை. அங்கே ஒருவன் ஜெயித்தால், அதே பழைய வாதத்தோடு சர்க்கார் மேல் கோர்ட்டுக்குப் போகிறது. சிப்பாய் தன் வக்கீலுக்குக் கைக்காசு கொடுக்கிறான். எதிர்க்கட்சி வக்கீலுக்கு நம் வரிப்பணம் போகிறது. அதில் அவன் வரியும் சேர்த்தி.