சாலைக்கு யார் கணக்குக் கொடுப்பது?

ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்க விரும்புகிறவர்கள் அதன் தலைநகரத்து மாளிகைகளைப் பார்ப்பது வழக்கம். அதன் சாலைகளில் ஒரு நாள் பிரயாணம் செய்து பார்ப்பதே நல்ல அளவுகோல் என்பது நமது அபிப்பிராயம். வழிப்போக்கன் தான் கடந்து செல்லும் ஊரின் வாக்காளன் அல்லன். அவனுக்கு நிழலும் நீரும் கொடுப்பதால் எந்த உள்ளூர்ப் பிரமுகருக்கும் ஓட்டுக் கிடைக்கப் போவதில்லை. ஆகவே, அவனை நடத்தும் விதத்திலேயே ஒரு ராஜாங்கத்தின் உண்மையான தர்மபுத்தி வெளிப்படுகிறது.

காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். அதற்கு வடக்கே பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. கிழக்கே திண்டிவனத்தின் வழியாகத் தென் ஜில்லாக்களுக்குச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை. காஞ்சீபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், இவ்விரண்டு ராஜபாட்டைகளுக்கும் இடையே இருக்கிறது அவ்வூர். பெருஞ்சாலைகளில் ஆபத்துக்கு அழைக்க 1033 என்ற எண் உண்டு. 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பிரயாணிகள் இளைப்பாறும் இடங்கள் அமைய வேண்டும் என்ற கொள்கையும் உண்டு. அக்கொள்கை எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதை நெடுந்தூரப் பஸ்ஸில் செல்லும் பெண்களைக் கேட்டால் சொல்லுவார்கள். சுத்தமான கழிப்பிடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சித் தாகத்தை அடக்கிக்கொண்டு பிரயாணம் செய்கிறவர்கள் அவர்கள். ஆயினும், அங்கே கொள்கையாவது இருக்கிறது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமச் சாலைகளிலோ கருங்கல் ஏற்றிய டிப்பர் லாரியும், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரும், பள்ளிச் சிறுவனின் சைக்கிளும் ஒரே ரஸ்தாவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. டீக்கடைத் திண்ணையும் புளியமரத்து நிழலுமே அங்கே பிரயாணிகளின் சத்திரம்.

பெருஞ்சாலையில் செல்பவனுக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. அவன் சுங்கச்சாவடியில் பணம் கொடுக்கிறான். கொடுத்த பணத்துக்குச் சாலை எங்கே என்று கேட்க அவனுக்கு நியாயஸ்தலம் உண்டு. 2020 டிசம்பரில், மதுரவாயல் - வாலாஜா பகுதியில் சாலையைச் செப்பனிடும் வரையில் பாதிக் கட்டணமே வசூலிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில், கேரளத்துப் பாலியக்கரைச் சுங்க வசூலை நிறுத்தி வைத்த உத்தரவில் தலையிடச் சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது. சாலை இல்லாத இடத்தில் சுங்கம் இல்லை என்ற நியாயம் இவ்வாறு நிலைபெற்று வருகிறது. இதை நாம் முழு மனத்துடன் வரவேற்கிறோம்.

ஆனால் கிராமவாசி பணம் கொடுக்கவில்லையா? கொடுக்கிறான், கொடுப்பது அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. அவன் வாங்கும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் டீஸலிலும் சாலைக்கென்று விதித்த வரி அடங்கியிருக்கிறது. 2000-ஆம் வருஷத்து மத்திய சாலை நிதிச் சட்டத்தின்படி வசூலாகும் இத்தொகையில் மாநிலச் சாலைகளுக்கும் பங்கு உண்டு. மோட்டார் சைக்கிளில் மதுராந்தகம் சந்தைக்குப் போகும் விவசாயியும் இந்நிதிக்குக் கொடுத்தவனே. அவனுக்குச் சாவடி இல்லை. ஆகையால் ‘கொடுக்க மாட்டேன்’ என்று மறித்து நிற்க இடமும் இல்லை.

வண்டிப் போக்கு அதிகமுள்ள இடத்துக்கே பணம் முதலில் போக வேண்டும் என்று அதிகாரிகள் சமாதானம் சொல்லக்கூடும். அவர்கள் பிரசுரித்த கணக்கே இதற்குப் பதில் சொல்கிறது. 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 36 பேர் தேசிய நெடுஞ்சாலைகளிலும், 24 பேர் மாநில நெடுஞ்சாலைகளிலும், 39 பேர் மற்றச் சாலைகளிலும் உயிரிழந்தனர். அதாவது, ஐந்தில் மூன்று பங்குக்கு மேற்பட்ட மரணங்கள் சுங்கமும் ரோந்து வண்டியும் உள்ள பெருஞ்சாலைகளுக்கு வெளியே நேர்ந்தவை. அதே வருஷத்தில் தமிழ்நாட்டில் நேர்ந்த விபத்துக்கள் 64,105. இவ்வெண்ணிக்கையில் நம் மாநிலமே தேசத்தில் முதலிடம் பெற்றது. இப்பெருமை நமக்கு வேண்டாம்.

விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை அளிக்கும் திட்டத்தை மாநில ஸர்க்கார் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் ஆரம்பித்தது. இது மெச்சத் தகுந்த காரியம். எனினும், எலும்பு முறிந்த பிறகு கட்டுப் போடுவதைவிட முறியாமல் காப்பது மேல். ஒரு வளைவில் விளக்கும், ஒரு பள்ளிக்கூட வாசலில் வேகத்தடையும் வைப்பதற்குப் பிடிக்கும் செலவு வைத்தியச் செலவில் எத்தனையில் ஒரு பங்கு!

2020-இல் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அஸ்திவாரமிட்டபோது பிரதம மந்திரி உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழ்ந்து பேசினார். புகழ்ந்ததோடு நில்லாமல் அதைப் படித்தும் பார்க்க வேண்டும். கி.பி. 919, 921-ஆம் வருஷங்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய அச்சாஸனங்கள் குடவோலை முறையை மட்டும் சொல்லவில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனும் அவன் நெருங்கிய உறவினரும் மறுபடியும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று விதித்தன. சாலைகளைக் கவனிக்கத் தடிவழி வாரியம் என்று தனி வாரியமே சோழர் கால ஊராட்சியில் இருந்ததாக அறிஞர் கூறுவர். அருகிலுள்ள திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலத்தில் 15 படுக்கைகளுள்ள ஆதுலர் சாலை ஒன்று நடந்ததற்கும் கல்வெட்டுச் சாட்சி இருக்கிறது. பிறர் வேதனையைத் தன் பொறுப்பாகக் கொண்ட பிரதேசம் அது.

இன்று நாம் செய்ய வேண்டியது என்ன? நம் மாநிலத்தில் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தம் ஊர்ச் சாலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, காண்ட்ராக்டர் யார், எத்தனை வருஷம் பராமரிக்க அவர் கடமைப்பட்டவர் என்ற மூன்று கேள்விகளையும் அங்கே எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்ய வேண்டும். பதில் வராவிட்டால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. சாலையை விதிப்படி அமைக்காமலும் பராமரிக்காமலும் விட்டதால் உயிரோ அங்கமோ போனால், பொறுப்பாளிகளுக்கு ஒரு லக்ஷம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு இடம் தருகிறது. உயிரின் விலைக்கு இது அற்பத் தொகையே. ஆனால் குற்றம் விதியினுடையதன்று, பராமரிக்காதவருடையது என்று சட்டமே ஒப்புக்கொண்டதுதான் முக்கியம். இப்பிரிவை ஏட்டில் உறங்கவிடாமல் எழுப்ப வேண்டியது நம் வக்கீல்களின் கடமை.

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தல் காலத்தில் சாலை போடுவதாக வாக்களிப்பது எளிது. போட்ட சாலைக்குக் கணக்குக் கேட்பதே அரிய சேவை. எந்தக் கட்சியினர் ஆனாலும் அடுத்த கிராம சபையிலேயே இதைத் தொடங்குவார்களாக.