சுருக்கம் நீக்கல்: ஒரு மறுப்பு

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடை வாசலில் நின்றபோது, கவிதை எழுதும் நண்பர் ஒருவர் முகச்சுருக்கம் போக்கும் சிகிச்சைகளைப் பற்றித் தீர்ப்பு வழங்கினார். பணமும் பொழுதும் மிகுந்த பெண்களின் சபலம் அது. மூப்பை ஏற்கத் தெரியாத நாகரிகத்தின் நோய். நம்முடையதோ முதுமையைக் கொண்டாடிய மரபு. சுற்றி நின்ற நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே நண்பரின் மீசையைப் பார்த்தேன். ஐம்பத்தாறு வயதில் மைக் கருப்பு. அதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. தலையாட்டியதற்குப் பிராயச்சித்தமாக இதை எழுதுகிறேன்.

மரபை முதலில் பார்த்துவிடலாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக இளிவரலை வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது. அவற்றுள் முதலாவது மூப்பு. பிணி, வருத்தம், மென்மை மூன்றும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. இளிவரல் என்றால் இழிவுணர்ச்சி. இதில் கொண்டாட்டம் எங்கே இருக்கிறது? வயதாவது ஒரு மனுஷனைக் கூசவைக்கும் என்பது அந்த இலக்கண ஆசிரியனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததோடு பட்டியலில் முதலில் வைத்துமிருக்கிறான். அவனுக்கிருந்த நேர்மை டீக்கடை வாசலில் நமக்கு இல்லை.

என் கிளையில் எனக்கு அடுத்த கவுண்ட்டரில் இருப்பவர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண்மணி. புருவங்களுக்கிடையில் அவருக்கு இரண்டு கோடுகள். நோட்டு எண்ணும்போது அவை ஆழமாகும். பணம் வாங்க வருகிறவர்கள் எண்ணி முடிப்பதற்குள் இரண்டு முறையாவது, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா? கோவமா இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். எனக்கும் அதே இடத்தில் அதே கோடுகள் உண்டு. என்னை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் நெற்றியில் அவை யோசனையாகவும் அவர் நெற்றியில் குறையாகவும் வாசிக்கப்படுகின்றன. ஒரே பிரதி, இரண்டு வாசிப்பு. சபலம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் இதையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது ஒரு வழவழப்பான காகிதத்தை நீட்டினார். "சார், நீங்க இங்கிலீஷ் படிச்சவரு. இதுல எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க." நான் பார்த்தேன். ஓர் எழுத்துப் பிழையும் இரண்டு இலக்கணப் பிழைகளும் கண்டுபிடித்துச் சொன்னேன். 'இளமைக்குத் திரும்புதல்' என்ற தொடரைப் பற்றி ஏதோ கிண்டலும் செய்தேன். அவர் சிரித்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்று வாரத்தில் ஆறு அமர்வு லேசருக்குத் தவணையில் பணம் கட்டினார். மூன்றாவது அமர்வுக்குப் பிறகு கன்னமேடுகள் இரண்டிலும் காபிப்பொடி நிறத்தில் திட்டுகள் விழுந்தன. முன்பு அவரிடம் கோபமா என்று கேட்டவர்கள் இப்போது எதுவும் கேட்பதில்லை; பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறார்கள்.

அவர் என்னிடம் கேட்டது விமர்சகனின் வேலையை: இன்னது இன்னதுதான், இன்னதல்ல என்று சொல்வது. இருபது வருஷமாகக் கவிதைத் தொகுதிகளுக்கு இதைச் செய்வதாக மார்தட்டிக்கொள்ளும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு காகிதத்துக்குச் செய்யவில்லை.

தாமதமாகச் செய்கிறேன். அந்தக் காகிதத்தில் ஏழெட்டுச் சிகிச்சைகள் ஒரே அளவு கட்டங்களில், ஒரே சிரிக்கும் முகத்தோடு அடுக்கப்பட்டிருந்தன. நஞ்சு ஊசி, நிரப்பு ஊசி, அமிலப் பூச்சு, லேசர், ஒலியலை, நூல், சொந்த ரத்தத்தின் பிளாஸ்மா. தலைப்பில் 'உங்களுக்கு உகந்ததைத் தேர்ந்தெடுங்கள்'. மோசடி இங்கேதான் ஆரம்பம். ஒன்று நரம்பின் முனையை வாயடைக்கிறது, ஒன்று தோலுக்கடியில் கூழைத் திணிக்கிறது, ஒன்று அரிக்கிறது, ஒன்று சுடுகிறது. இந்த நான்கு வினைச்சொற்களையும் அழித்துவிட்டுப் 'புத்துயிர்ப்பு' என்ற ஒரே பெயர்ச்சொல்லைப் போட்டால், தேர்வு என்பது விலையைத் தேர்வதாக மட்டும் மிஞ்சும். மோசமான கவிதைத் தொகுப்பு ஒன்றின் முன்னுரை வேலை செய்யும் விதமும் இதுவேதான்.

நஞ்சிலிருந்து தொடங்கலாம், சரித்திரம் அதற்குத்தான் அதிகம். கெட்டுப்போன இறைச்சிப் பண்டம் தின்று ஜனங்கள் செத்ததை ஆராய்ந்து, 1820லும் 1822லும் முதன்முதலில் விரிவாக எழுதியவர் ஜெர்மனியின் யுஸ்டினுஸ் கெர்னர். வைத்தியர், அதோடு கவிஞர். ஷூமன் அவர் கவிதைகளுக்கு இசையமைத்திருக்கிறார். அந்த நஞ்சைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தவர், மட்டு மீறித் துடிக்கும் நரம்புகளுக்கு ஒருநாள் இதுவே மருந்தாகலாம் என்றும் ஊகித்தார். ஊகம் பலிக்க நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஸான் ஃபிரான்ஸிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் இதை மாறுகண்ணுக்குப் பயன்படுத்தினார். 1989இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. கனடாவில் வான்கூவர் நகரின் கரதர்ஸ் தம்பதி, இமைத் துடிப்புக்கு ஊசி போட்ட இடத்தில் புருவச் சுருக்கமும் மறைவதைக் கவனித்து 1992இல் கட்டுரை வெளியிட்டார்கள். புருவ மத்திக் கோடுகளுக்கு அனுமதி வந்தது 2002இல். இன்று போடாக்ஸ் என்று எந்த ஊரிலும் சொல்கிறார்களே, அதன் கதை இவ்வளவுதான்.

அது செய்யும் காரியமும் எளிது. தசைக்குச் சுருங்கு என்று சொல்லும் ரசாயனத்தை நரம்பு முனை வெளிவிட முடியாமல் செய்கிறது. சில நாளில் தசை தளர்கிறது. மூன்று நான்கு மாதத்தில் மீண்டும் சுருங்கத் தொடங்குகிறது. தோலில் ஒன்றும் புதுப்பிக்கப்படவில்லை, தசைக்கு விடுமுறை கொடுத்திருக்கிறது. அளவை 'யூனிட்' கணக்கில் சொல்கிறார்கள். போடாக்ஸ் என்றால் புருவ மத்திக்கு வழக்கமாக 20. இந்த யூனிட் முதலில் எப்படி வரையறுக்கப்பட்டது என்று காகிதத்தில் போடவில்லை: ஒரு கூட்டம் சுண்டெலிகளில் பாதியைக் கொல்லும் அளவு ஒரு யூனிட். 2011இல்தான் எலிக்குப் பதிலாகச் செல்களில் சோதிக்கும் முறைக்கு அமெரிக்க அனுமதி வந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. தேர்ந்த கையில், சரியான அளவில், பட்டியலில் இருப்பவற்றுள் சொன்னதைச் செய்வது இதுதான். ஆனால் இது வருஷத்துக்கு மூன்று தடவை கட்ட வேண்டிய வாடகை. சொந்தமாகாது. வங்கி ஊழியனுக்கு இந்த வித்தியாசம் உறுத்தாமல் இருக்காது.

இலக்கிய நண்பர்களுக்குப் பிடித்த ஒரு தகவல் இங்கே இருக்கிறது. 1872இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி எழுதிய டார்வின், புருவத்தை நெரிக்கும் இந்தத் தசையை வெறும் கோபத்தின் தசையாகப் பார்க்கவில்லை. யோசனையின் ஓட்டத்தில் ஏதோ இடறும்போது நெரிவது அது என்றார். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், முதன்முறையாக இந்த ஊசி போட்டுக்கொண்ட பெண்களை, ஊசிக்கு முன்னும் இரண்டு வாரம் பின்னும் வாக்கியங்களைப் படிக்க வைத்தார்கள். மகிழ்ச்சியான வாக்கியங்களைப் படிக்கும் வேகம் மாறவில்லை. கோபமும் துக்கமுமான வாக்கியங்களைப் படிக்கத்தான் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தது. நம் நண்பர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, நெற்றி மரத்தால் நெஞ்சும் மரக்கும் என்று தலையங்கம் எழுதுவார்கள். வேண்டாம். நாற்பது பேர் அளவிலான ஆய்வு. ஊசி போடாதவர்களோடு ஒப்பீடும் கிடையாது. இதில் கோட்டை கட்ட முடியாது. எனக்கு இது ஒரு கேள்வியாக மட்டும் தங்குகிறது: நாளெல்லாம் கோபமா என்று கேட்கப்படும் ஒருத்தி அந்தத் தசையை விட்டுக்கொடுக்க முடிவு செய்தால், அவள் இழப்பது அதிகமா, அதுவரை இழந்துகொண்டிருந்தது அதிகமா? இதற்குப் பதில் சொல்லும் உரிமை மையடித்த மீசைக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது.

நிரப்பு ஊசி வேறு ஜாதி. 1934இல் மாட்டுக் கண்ணின் கூழிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஹையலூரானிக் அமிலம், 2003இல் அமெரிக்காவில் முகத்துக்கு அனுமதி பெற்றது. பள்ளத்தை மேடாக்கும், ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை நிற்கும். காகிதம் இதை 'மென்மையானது' என்றது. மூக்கோரமும் புருவ மத்தியிலும் ஓடும் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்தவை. ஊசிமுனை அதற்குள் போய்க் கூழ் ஏறிவிட்டால் பார்வை போகலாம், தோல் அழுகலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. இந்தக் கூழைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்ற மாற்று மருந்து உண்டு. அது அந்த அறையிலேயே இருக்க வேண்டும். எப்போது போட வேண்டுமென்று தெரிந்த ஆளும் இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துள்ள வேறு வகை நிரப்பிகள் அதற்குக் கரையா. காகிதத்தில் எல்லாமே 'ஃபில்லர்' என்ற ஒரே கட்டத்துக்குள் இருந்தன.

நூலையும் ஒலியலையையும் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை; கொஞ்சம் இறுகும், கொஞ்ச நாள் இருக்கும், பணம் நிறைய. பிளாஸ்மாவைப் பற்றி ஒன்று மட்டும். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், 2018இல் மூடப்பட்ட ஓர் அழகு நிலையத்தில், சொந்த ரத்தத்தை முகத்தில் ஏற்றிக்கொண்ட பெண்கள் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. சொந்த ரத்தம் என்ற சொல் தைரியம் தருகிறது. ஊசியும் குப்பியும் யாருடையவை என்ற கேள்வி அந்தத் தைரியத்தில் மறந்துபோகிறது.

இனி லேசர். என் சகாவின் கன்னங்கள். லேசர் கடையிலும் அழகுக் கடையிலும் 'உங்கள் தோல் வகை எண்' என்று ஒன்றைச் சொல்வார்கள். 1975இல் அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்தது அது. வெயிலில் கன்றுமா, கறுக்குமா என்று வெள்ளைத் தோலை வகைப்படுத்தி, புறஊதாக் கதிர் வைத்தியத்துக்கு அளவு தீர்மானிப்பதற்காக. மாநிறமும் கருப்பும் பிறகு ஒட்டவைக்கப்பட்ட எண்கள். இந்தச் சரித்திரம் வெறும் சரித்திரமாக நிற்கவில்லை. லேசரின் வெப்பத்துக்கும் அமிலத்தின் அரிப்புக்கும் நம் தோல் தரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: காயத்தைக் கருப்பால் மூடுவது. வெள்ளைத் தோலில் வாரத்தில் மறையும் சிவப்பு, நம் தோலில் மாதக்கணக்கில் திட்டாக நிற்கும். மங்கு இருக்கிற முகமென்றால் அது இன்னும் அடர்ந்து திரும்பும். சக்தி குறைத்து, இடைவெளி கூட்டி, சிறு இடத்தில் சோதித்து, முன்னும் பின்னும் வெயில் மறைத்துச் செய்தால் ஆபத்து குறையும். இவற்றில் எதுவும் அவருக்குச் சொல்லப்படவில்லை. வெண்மையான ஒரு முகத்தின் படத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு அடுக்கிய காகிதம் இரண்டு பொருள்களை விட்டுவிட்டது. ஒன்று வெயில் மறைக்கும் களிம்பு. ஆஸ்திரேலியாவில் 900க்குச் சற்று மேற்பட்டவர்களை நாலரை வருஷம் கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் பூசியவர்களின் தோல் மூப்பு, இஷ்டப்படி பூசியவர்களைவிட 24 சதம் குறைவாக இருந்தது. 2012இல் ஒரு மருத்துவ ஏடு வெளியிட்ட படத்தில், 28 வருஷம் லாரி ஓட்டிய ஒருவரின் ஜன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் உழுத நிலமாகக் கிடந்தது. மற்றது ட்ரெட்டினாயின். பருவுக்கு வந்த மருந்து. வெயிலில் முதிர்ந்த தோலுக்கும் பயன்படுகிறது என்று 1986இல் கிளிக்மேனும் சகாக்களும் எழுதினார்கள். ஆரம்பத்தில் எரியும், உரியும், மாதங்கள் பிடிக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மருத்துவர் சீட்டில் கிடைக்கும் சாதாரணக் குழாய்க் களிம்பு. விலை குறைவு, ஆகவே கட்டம் இல்லை.

இதிலும் ஒரு கறை உண்டு. இந்தக் கிளிக்மேன்தான் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில், 1974 வரை, பெரும்பாலும் கருப்பர்களான கைதிகளின் தோலில் பரிசோதனைகள் நடத்தியவர். களிம்பு பயன்படுகிறது என்பதும் உண்மை, அந்த முதுகுகளும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது காகிதம் அச்சடிக்கிறவனின் வேலை.

இதையெல்லாம் போன மாதம் என் சகாவிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். குரலில் குற்றச்சாட்டுக்கூட இல்லை. பிறகு ஒரு பழைய சலானின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். என்ன மருந்து, எந்தக் கம்பெனி. எத்தனை யூனிட். ஊசி போடுவது யார், என்ன படிப்பு. கரைக்கும் மருந்து இருக்கிறதா. என் நிறத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், மூன்று மாதம் கழித்து எடுத்த படம் காட்டுங்கள். எழுதி முடித்துவிட்டு, புருவக் கோட்டுக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று இன்னமும் யோசனைதான் என்றார். திட்டுகளுக்கு இப்போது ஒரு தோல் மருத்துவர் களிம்பு கொடுத்திருக்கிறார், மெல்லத்தான் குறைகிறது.

சனிக்கிழமை அந்தச் சலானோடு வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, டாக்டர் வர நேரமாகும் மேடம், நீங்க பேக்கேஜ் பாத்துட்டிருங்க என்றாளாம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.